காது கேளாதோரும் கச்சேரியும்

“காது கேளாதவருக்குக் கச்சேரியில் என்ன வேலை?” நம் மன்றத்தின் கூட்டமொன்றிலேயே இக்கேள்வி எழுந்தது. பாட்டின் சொற்கள் விளங்கவில்லை என்று நண்பரொருவர் இசை மாலையின் பாதியில் எழுந்து போய்விடுவதைப் பற்றிப் பேசியபோது, யாரோ விளையாட்டாகக் கேட்டார். இயற்பியல் பயில்பவன் என்ற முறையில் விடை கூற முயல்கிறேன்.

கேளாமை எல்லோர்க்கும் ஒரே அளவினதன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் பேச்சொலி அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்புடையவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இழப்புடையவரைக் கேட்டல் குறைந்தவர் என்றும் வகுக்கிறது. நம் நண்பர் இரண்டாம் வகையினர், செவிக்கருவி அணிகிறார். (வீட்டில் ‘காது மிஷின்’ என்போமே, அதுதான்.) அறையில் இருவர் பேசினால் அவருக்குக் குறையில்லை. மண்டபத்தில்தான் தொல்லை. கருவியின் ஒலிவாங்கி பாடகர் குரலை மட்டும் பிரித்தெடுக்காது. சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி, மின்விசிறி, பின்வரிசையில் நாம் பேசும் ஊர்க்கதை அனைத்தையும் சேர்த்தே பெருக்கும். ஒலிபெருக்கியை உரக்க வைத்தால் குழப்பமும் உரக்கும், தெளிவு வராது.

ஃபாரடே 1831-இல் கண்ட உண்மை இதற்கு வழி காட்டுகிறது. மண்டபத்தைச் சுற்றித் தரையோரமாக ஒரு கம்பியை வளையமாக ஓட்ட வேண்டும். மேடை ஒலிவாங்கியின் மின்குறியைத் தனியொரு பெருக்கி வழியே அதில் செலுத்தினால், பாட்டுக்கேற்ப மாறும் காந்தப்புலம் வளையத்துள் பரவும். பல செவிக்கருவிகளில் சிறு கம்பிச்சுருள் ஒன்று உண்டு. புலம் மாற மாற அச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும். கருவி அதை மீண்டும் ஒலியாக்கும். மண்டபக் காற்றின் வழியே ஒலி வருவதில்லை. ஆகவே எதிரொலியும் ஊர்க்கதையும் உடன் வருவதில்லை. மிகச் சிறிய கருவிகள் சிலவற்றில் சுருள் இராது. கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்பும் புலத்தைக் குறைக்கும். விழாவுக்கு முன் சோதித்துப் பார்த்தல் தேவை.

அறவே கேளாதவர்க்கோ? அவர்க்குத் தோல் இருக்கிறது. ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைத் தோல் உணரும். 250-ஐ ஒட்டியவற்றை மிக நன்றாக உணரும். மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் இதற்குள் அடங்கும். வயலினின் மேலொலிகள் அடங்கா. ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளெனி 12 வயதளவில் கேட்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்தவர்; மேடையில் வெறுங்காலுடன் நின்று, அதிர்வை உணர்ந்து தாளக் கருவிகளை வாசிப்பவர். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்தவரும் அவரே. மரத்தளம் அதிர்வை நன்கு காட்டும். சிமெண்டுத் தரை காட்டாது. ஊதிய பலூனைக் கையில் பிடித்திருந்தாலும் அதிர்வு தெரியும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. இதில் நம் இசை ஒருபடி முன்னே நிற்கிறது என்பேன். ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் தட்டியும் விரல் எண்ணியும் வீசியும் கையிலேயே காட்டுகிறோம் அல்லவா? பாடல் வரிகளைத் திரையில் காட்டலாம். சைகைமொழி பெயர்ப்பாளரை அழைக்கலாம். நல்ல பெயர்ப்பாளர் சொல்லோடு நில்லாமல் பாட்டின் நடையையும் உணர்ச்சியையும் உடலால் காட்டுவார். இந்திய சைகைமொழிக்கென 2015-இல் புது தில்லியில் ஆய்வு, பயிற்சி நிலையம் அமைந்தது. 2021-இல் அதன் அகராதி 10,000 சொற்களை எட்டியது. ஆனால் பெயர்ப்பாளருக்குப் பாடல் பட்டியல் முன்னரே வேண்டும். நம் பாடகர்களோ மேடையேறிய பின்புதான் அடுத்த பாட்டை முடிவு செய்வார்கள்! மண்டப விளக்கை முற்றும் அணைத்துவிட்டாலும் இம்முயற்சி வீண்.

நண்பரின் கருவியில் சுருள் உண்டு, கேட்டுவிட்டேன். வரும் இசை மாலைக்கு ஆய்வுக்கூடத் தோழர்கள் இருவருடன் கம்பி வளையத்தை நானே போட்டுத் தருகிறேன். பெருக்கிக்கும் கம்பிக்கும் ஆகும் பணத்தைச் செயற்குழுவினர் ஒதுக்க வேண்டும். மேடைப் பூ அலங்காரத்தை இவ்வாண்டு சற்றுக் குறைத்துக்கொள்ளலாமே.