ரெக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்... பிஎச்பி மொழி 'நோ' சொன்னது ஏன்?

வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் கமெண்ட் போடுகிறீர்கள். பட்டனைத் தட்டியதும் உங்கள் போனில் இருந்து சர்வருக்கு ஒரு தகவல் போகும். அதுதான் ரெக்வெஸ்ட். சர்வர் திருப்பி அனுப்புவது ரெஸ்பான்ஸ். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டையும் ஒரு புரோகிராமிங் மொழி தனக்குள் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் பெரிய பஞ்சாயத்தே!

வேர்ட்பிரஸ் மட்டுமல்ல, விக்கிபீடியாவும் இயங்குவது பிஎச்பி மொழியில். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட மொழி இது.

அப்போது என்ன சிக்கல்?

ஆரம்பத்தில் பிஎச்பி ரொம்பவே தாராளம். அட்ரஸ் பாரில் என்ன டைப் செய்தாலும், அது நேராக புரோகிராமுக்குள் ஒரு வேரியபிளாக வந்து உட்கார்ந்துவிடும். இதற்குப் பெயர் 'ரிஜிஸ்டர் குளோபல்ஸ்'. லிங்க்கின் கடைசியில் 'அட்மின்=1' என்று யாராவது சேர்த்துவிட்டால்? கோடு எழுதியவர் அசந்திருந்தால், வந்தவர்தான் அட்மின்! வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது மாதிரிதான்.

2002-ல் வந்த 4.2 பதிப்பில் இந்த வசதி தானாக இயங்காதபடி மாற்றப்பட்டது. 2012-ல் 5.4 பதிப்பில் அடியோடு நீக்கினார்கள். அதற்குப் பதிலாக இன்றும் இருப்பவை 'சூப்பர் குளோபல்ஸ்'. லிங்க்கில் வருவது ஒரு பட்டியலில், ஃபார்மில் வருவது இன்னொன்றில், குக்கீ வேறொன்றில். முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் புரோகிராமின் எந்த மூலையில் இருந்தும், யார் வேண்டுமானாலும் இந்தப் பட்டியல்களை மாற்றலாம். எங்கே மாறியது என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பதில் அனுப்பும் பக்கம் இன்னும் மோசம். ஹெடர் எனப்படும் முன்குறிப்புகள் முதலில் போக வேண்டும், பக்கம் பிறகு. ஃபைலின் தொடக்கத்தில் தெரியாமல் ஒரு காலி வரி இருந்தாலே, 'ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது' என்று எரர் வரும். கண்ணுக்கே தெரியாத காலி வரியைத் தேடி இரவெல்லாம் விழித்திருந்த புரோகிராமர்கள் ஏராளம்.

தீர்வு என்ன?

பால் எம். ஜோன்ஸ் என்ற டெவலப்பர், வந்த தகவல் எல்லாவற்றையும் மாற்ற முடியாத ஒரே ஆப்ஜெக்ட்டில் வைக்கலாம், பதிலை இன்னொரு ஆப்ஜெக்ட்டில் முழுதாகத் தயார் செய்து மொத்தமாக அனுப்பலாம் என்றார். இவை பிஎச்பிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம். 2020-ல் இது வாக்கெடுப்புக்குப் போனது. பாஸ் ஆக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கிடைக்கவில்லை.

ஏன் வேண்டாம் என்றார்கள்?

சிம்ஃபொனி போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் இப்படியான ஆப்ஜெக்ட்கள் ஏற்கெனவே இருந்தன. 2015-லேயே 'பிஎஸ்ஆர்-7' என்ற பொது விதிமுறையும் வந்துவிட்டது. 'மூன்றாவதாக ஒன்று எதற்கு?' என்ற கேள்வி எழுந்தது. இன்னொரு பயமும் நியாயமானது. லைப்ரரியில் தப்பு இருந்தால் அடுத்த வாரமே திருத்தலாம். மொழிக்குள் வைத்துவிட்டால், அதை நம்பி எழுதிய தளங்களுக்காக அந்தத் தப்பையே வருடக்கணக்கில் சுமக்க வேண்டும். ரிஜிஸ்டர் குளோபல்ஸை முழுதாகக் கழற்ற 10 ஆண்டு ஆனதே!

பிறகு 2024-ல் வந்த 8.4 பதிப்பில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் நடந்தது. அதுவரை 'போஸ்ட்' முறையில் வரும் ஃபார்ம்களை மட்டுமே பிஎச்பி தானாகப் பிரித்துக் கொடுக்கும். 'புட்', 'பேட்ச்' முறைகளில் வருபவற்றையும் பிரிக்க இப்போது தனி ஃபங்ஷன் இருக்கிறது. ஆப்ஜெக்ட் மட்டும் இல்லை.