தண்ணியில்லாக் காட்டு அகராதி

“உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்.” அரசு அலுவலகங்களில் காலங்காலமாக இருக்கும் மிரட்டல் இது. அந்தக் காடு எங்கே என்று கேட்டால் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைக் கைகாட்டுவார்கள். 1985-இல் மாவட்டம் பிரியும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதற்குள்தான் இருந்தன. ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு வாழ்கிற ஊருக்குத் ‘தண்டனை’ என்று பொருள் எழுதியவர்கள் வெளியூர்க்காரர்கள். இங்கே உழுது பிழைத்தவர்களுக்கும் ஓர் அகராதி உண்டு. அதில் கேலி இருக்கும், கேலிக்கு அடியில் கணக்கும் இருக்கும்.

இந்தக் கரிசல் மண்ணில் சம்சாரி என்றால் விவசாயி. புரட்டாசியில் விதைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழைக்காக வானத்தைப் பார்த்திருப்பவர். அவர் தொழிலுக்கு ஊர் சொல்லும் விளக்கம் ஒரே வரிதான்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. கொள்முதல் விலை பற்றிய எந்த அறிக்கையும் இதைவிடச் சுருக்கமாக உண்மையைச் சொன்னதில்லை.

சீமைக்கருவேலத்துக்கு ‘வேலிகாத்தான்’ என்றும் பெயர். வேலிக்கென்று வந்த மரம் கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்த கதையை இங்கே கண்ணால் பார்க்கலாம். வெள்ளாமை போன சம்சாரி அதே மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறார். பகைக்கும் பிழைப்புக்கும் ஒரே பெயர்!

மழை பொய்த்தால் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப்போய், ஒப்பாரி வைத்துக் கொளுத்துவார்கள். ஊரில் யாரையும் குறை சொல்லாமல், பாவத்தையெல்லாம் ஒரு பொம்மையின் தலையில் ஏற்றிய பெருந்தன்மை அது.

அகராதியில் கேலி கலப்பது புதிதல்ல. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியிலேயே குறும்பைக் கலந்தார். அம்புரோஸ் பியர்ஸ் 1911-இல் ‘சாத்தானின் அகராதி’ என்று முழு நூலே போட்டார். நம் பக்கத்தில் இடைசெவல் சம்சாரி கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலை அது. 2021-இல் அவர் போய்விட்டார், சொற்களைச் சொன்ன தலைமுறையும் போய்க்கொண்டிருக்கிறது.

திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கத்து ஆசிரியர்களே, இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொலவடையையும், அதை எந்தச் சமயத்தில் யாரிடம் சொல்வார்கள் என்பதையும் எழுதி வரச் சொல்லுங்கள்.