டிடிஎஸ் மீட்டர் எதை எண்ணுகிறது?

திருநாவலூரில் எங்கள் வீட்டு போர்த் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்சப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர்கள் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் முக்கி எண்ணைக் காட்டுவார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஆனால் அந்தப் பேனா உப்பை நிறுப்பதில்லை. தண்ணீருக்குள் மின்சாரம் எவ்வளவு போகிறது என்று பார்த்து, அதை வைத்து உப்பைக் கணக்கிடுகிறது.

உப்பு கரையும்போது இரண்டாகப் பிரிகிறது: சோடியம் நேர்மின்னூட்டத்தோடு, குளோரைடு எதிர்மின்னூட்டத்தோடு. அவை ஒன்றையொன்று இழுக்கும் விசையைத் தண்ணீர் ஏறக்குறைய 80-ல் ஒரு பங்காகக் குறைத்துவிடுவதால்தான் மறுபடி ஒட்டிக்கொள்வதில்லை. மீட்டரின் இரு முனைகளில் மின்னழுத்தம் வந்ததும், அயனிகள் எனப்படும் இந்த மின்னூட்டத் துகள்கள் எதிரெதிர்த் திசையில் நகரும். கம்பியில் எலக்ட்ரான் ஓடுகிறது. தண்ணீரில் அயனிதான் ஓட்டம்.

அயனி வெறுமனே போவதில்லை. பஜ்ஜி மாவில் தோய்ந்த வாழைக்காய்ச் சீவல் போல நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு போகும். சிறிய அயனியோடு நீர் இன்னும் இறுக்கமாக ஒட்டும். அதனால் சிறிய சோடியம், பெரிய பொட்டாசியத்தைவிட மெதுவாக நகர்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஒரு வோல்ட் கொடுத்தால், சோடியம் ஒரு மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர்கூட நகராது.

அப்படியானால் எண் எப்படி உடனே வருகிறது? முறுக்கு அச்சில் மேலே அழுத்திய நொடியே கீழே முறுக்கு இறங்குகிறதே, அப்படி. மாவு நகர்வது மெதுவாகத்தான். அழுத்தம் அச்சு முழுவதும் உடனே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருந்தால் அயனிகள் முனைகளில் போய் அடைந்து, பின்னால் வருகிறவற்றைத் தடுக்கும். கிண்டாத பால்கோவா அடிபிடிப்பது போலத்தான். அதனால் மீட்டர் மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் எண் சுமார் 2 சதவீதம் ஏறும் என்பதால் வெப்பத்துக்கும் கணக்கைச் சரிசெய்கிறது.

அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள், எண் எகிறும். இன்னொரு டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரையுங்கள், எண் ஏறாது. சர்க்கரை கரைகிறது, ஆனால் அயனிகளாகப் பிரிவதில்லை. பேதியைக் கொண்டுவரும் கிருமியும், வயலிலிருந்து கசிந்த துளிப் பூச்சிமருந்தும் அந்த எண்ணை அசைப்பதில்லை. மீட்டர் 50 என்று காட்டினாலும், காய்ச்சாத கிணற்றுத் தண்ணீரை என் வீட்டுக் குழந்தைக்கு நான் கொடுக்கமாட்டேன்.