வாசலில் நிற்பவருக்கும் படிகள் உண்டு

"இன்னும் ஜாகா வேலைதானா?" ஜொகூர் பாருவில் இரவு விடுதி வாசலில் நிற்கும் என் பெரியம்மா மகனிடம் உறவினர்கள் கேட்பது இதுதான். ஆறு வருடமாக அண்ணனுக்கு அதே வாசல். போதையில் தகராறு செய்பவரையும் கை ஓங்காமல், பேசியே அனுப்பிவிடுவார். அந்தத் திறமைக்குச் சான்றிதழும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், பாதுகாவல் துறைக்கு 2016 செப்டம்பரில் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது. அதிகாரி, மூத்த அதிகாரி, மேற்பார்வையாளர், மூத்த மேற்பார்வையாளர் என்று படிகள் உண்டு. மேலே ஏற அனுபவம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும்.

இங்கே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவல் நிறுவனங்களுக்கு உள்துறை அமைச்சு உரிமம் தருகிறது. பாதுகாவலர்களுக்கு சி.எஸ்.ஜி. பயிற்சி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, பணி அனுபவத்தை ஆதாரங்களுடன் நிரூபித்து எஸ்.கே.எம். சான்றிதழ் பெறும் வழியையும் திறன் மேம்பாட்டுத் துறை வைத்திருக்கிறது.

அண்ணன் இப்போது பழைய பணி அட்டவணைகளையும் சம்பவக் குறிப்புகளையும் தேடிச் சேர்க்கிறார். பாதி கிடைக்கவில்லை. எஸ்.பி.எம். முடித்து வேலைக்குப் போகும் நண்பர்களே, முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.