அணையிலிருந்து வேர் வரை: நீரை ஆளும் மூன்று விதிகள்

புவியீர்ப்பு, மீட்சி, பரப்பு இழுவிசை ஆகிய மூன்றும் இயற்பியல் பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களாக இடம்பெறுகின்றன. மாணவர்கள் அவற்றைத் தனித்தனியே பயின்று, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதும் உண்டு. ஆயினும், ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தில் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படுகின்றன. இதனை நேரில் காண்பதற்கு ஏற்றவை தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லைப் பகுதிகளாகும். இடுக்கி மாவட்டத்தின் மலைகளில் பேரணைகள் எழுந்துள்ளன. பாலக்காடு மாவட்டத்தின் கோவிந்தாபுரம் எல்லைப்புறத்திலோ மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நீரை எதிர்நோக்கி நிற்கின்றன.

எடையே அரண்

புவியீர்ப்பு விசையே நீரை மேட்டிலிருந்து பள்ளத்திற்கு இழுக்கிறது. இடுக்கி நீர்த்தேக்கத்தின் நீர், மூலமட்டம் நிலத்தடி மின் நிலையத்தை அடையுமுன் சுமார் 660 மீட்டர் இறங்குகிறது. ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். அது இவ்வளவு உயரம் இறங்கும்போது சுமார் 65 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூலுக்குச் சமம். எனவே, இழப்புகளைக் கழித்த பின்னரும் ஒரு கன மீட்டர் நீரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. தலா 130 மெகாவாட் திறனுள்ள 6 மின்னாக்கிகள் இங்கு அமைந்துள்ளன.

நீரை இறக்கும் இதே விசை, நீரைத் தடுத்து நிறுத்தவும் பயன்படுகிறது. 138 மீட்டர் உயரமுள்ள செறுதோணி அணை எடையணை வகையைச் சார்ந்தது. தேங்கிய நீர், அணையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் சுமார் 100 டன் எடைக்கு நிகரான அழுத்தம் உண்டு. கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் எடையுள்ள கான்கிரீட், தன் பளுவினாலேயே பாறையில் ஊன்றி நின்று இத்தள்ளுதலை எதிர்க்கிறது. ஆழம் மிகுந்தோறும் அழுத்தம் மிகுவதால் இவ்வகை அணைகளின் அடிப்பகுதி அகன்று காணப்படுகிறது.

வளைந்து தாங்கும் சுவர்

குறவன், குறத்தி என்னும் இரு பாறைக் குன்றுகளுக்கு இடையே பெரியாற்றைத் தடுத்து நிற்கும் இடுக்கி அணையின் முறை வேறு. 1976ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த இவ்வணை 168.91 மீட்டர் உயரமுள்ள வில் வடிவ அணையாகும். அது நீரின் தள்ளுவிசையை இரு பக்கக் குன்றுகளுக்கும் கடத்திவிடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. வில்லின் வளைவு, சுமையின் பெரும்பகுதியை அமுக்கமாக மாற்றிவிடுவதால் மெல்லிய சுவரே போதுமானதாகிறது.

இங்குதான் மீட்சிப் பண்பு துணைக்கு வருகிறது. விசை நீங்கியதும் பழைய வடிவை அடையும் தன்மையே மீட்சி எனப்படும். மீட்சி எல்லைக்குள் தகைவும் திரிபும் நேர்விகிதத்தில் அமையும் என்பது ஹூக் விதி. ரப்பர் எளிதில் நீள்வதால் அதுவே மீட்சி மிக்கது என்று பலரும் எண்ணுகின்றனர். இயற்பியலின்படி, உருமாற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் எஃகே மீட்சி மிக்க பொருளாகும். கான்கிரீட்டின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 25,000 நியூட்டன் எனக் கொள்வோம். சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் தகைவு ஏற்பட்டால், 10 மீட்டர் நீளமுள்ள பகுதி 2 மில்லிமீட்டர் சுருங்கும். நீர்மட்டம் உயரும்போது வில் அணை சிறிதளவு நகர்வதும், மட்டம் தாழும்போது மீள்வதும் இயல்பே. மீளாத நகர்வே கவலைக்குரியது. அணைகளில் கருவிகள் பொருத்தி நகர்வைத் தொடர்ந்து அளப்பதன் நோக்கம் இதுவேயாகும்.

மண்ணுக்குள் நீர்

பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் பற்றிய ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாயிற்று. இதன்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்திற்கு உரியதாகும். சித்தூர் வட்டத்தின் பாசனத்திற்கு இந்நீர் இன்றியமையாதது. கால்வாய் வரையில் அதனைக் கொண்டுவருவது புவியீர்ப்பு. வயலை அடைந்தபின் மற்றொரு விசையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் நடந்துகொள்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. 20 பாகை செல்சியசில் இதன் அளவு மீட்டருக்குச் சுமார் 0.073 நியூட்டன். மிகச் சிறிய விசையே எனினும் நுண்புழைகளில் இது பெரும்பணி செய்கிறது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் 1.5 சென்டிமீட்டர் ஏறும், ஆரம் 0.1 மில்லிமீட்டராகக் குறைந்தால் 15 சென்டிமீட்டர் ஏறும். துளை குறுகக் குறுக ஏற்றம் மிகும்.

மண்துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளும் இத்தகைய புழைகளே. மணற்பாங்கான நிலத்தின் பெரிய துளைகளில் புவியீர்ப்பு வென்று, நீர் விரைந்து கீழிறங்கிவிடுகிறது. கரிசல் மண்ணின் நுண்துளைகளில் பரப்பு இழுவிசை வென்று, நீர் பக்கவாட்டில் பரவித் தங்குகிறது. ஆனால், அதில் ஒரு பகுதி மிக இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் வேர்களுக்குக் கிட்டுவதில்லை.

கேரளத்தில் கரிசல் மண் காணப்படும் இடம் சித்தூர் வட்டமே. அங்குக் கரிசலும் பிற மண்வகைகளும் அருகருகே உள்ளன. எனவே, சொட்டுநீர்ப் பாசனத்திற்கு எல்லா நிலங்களுக்கும் ஒரே இடைவெளியில் சொட்டுவான்களை அமைக்குமாறு வகுக்கப்படும் திட்டம் பயன் தராது. மணற்பாங்கான நிலத்தில் அவை நெருங்கி அமையவேண்டும். சிறிது சிறிதாக அடிக்கடி நீர் விடவேண்டும். கரிசலில் இடைவெளி கூடலாம். பாய்ச்சும் நாட்களும் தள்ளிப்போகலாம். இவ்வேறுபாட்டைக் கருதாவிடில், ஒரு தோட்டத்தில் நீர் வேருக்கு எட்டாமல் கீழே சென்றுவிடும். மற்றொன்றில் வேர் மூச்சுத் திணறும்.

மேலும், நிலத்தடி நீர்மட்டம் மேலெழுந்த இடங்களில் நுண்புழை ஏற்றம் உப்பையும் மேற்பரப்பிற்குக் கொண்டுவருகிறது. அளவுக்கு மீறிய பாசனம் நிலத்தைக் கெடுப்பதற்கு இது ஒரு காரணமாகும். தென்னை ஓலை மூடாக்கு, மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைத்து இதனைத் தணிக்கிறது.

அணை கட்டுமுன் பாறையைச் சோதிப்பது விதி. அதுபோல், பாசனத் திட்டம் வகுக்குமுன் நிலத்தின் மண்வகையைச் சோதிப்பதும் விதியாக வேண்டும். மலையிலிருந்து பெருஞ்செலவில் கொண்டுவரப்படும் நீர் பயிருக்குப் பயன்படுமா என்பது, இறுதியில் அந்த நுண்துளைகளிலேயே முடிவாகிறது.