தெளிந்த நீரெல்லாம் குடிநீர் ஆகுமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மண்சரிவுகளால் நுவரெலியா மாவட்டத்தில் பல குடும்பங்கள் லயங்களையும் பழகிய பீலிகளையும் விட்டு வெளியேறின. புதிய இடத்தில் கிணறு ஒன்று கிடைத்தால், நீர் தெளிவாக இருக்கிறதென்று நம்பிக் குடிக்கிறோம். ஆனால் கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத கேடுகள் இரண்டு உண்டு.

முதலாவது கிருமி. மலசலகூடக் குழியிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் கசிந்து கிணற்றை அடைகிறது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவை இவ்வாறு பரவுகின்றன. இரண்டாவது நைத்திரேற்று என்னும் உப்பு. பயிருக்கு மிஞ்சிய யூரியாவும் கோழி எருவும் மலக்கழிவும் மழையோடு நிலத்துள் இறங்குவதால் இது சேர்கிறது. யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் புகையிலையும் விளையும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் இது மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் விளையும் நமது சரிவுகளிலும் உரம் தாராளமாகவே இடப்படுகிறது.

இந்த வேறுபாட்டை நாம் அறிவது அவசியம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஆகவே கிணற்றை எவ்வாறு மதிப்பிடுவது?

1. கிணற்றுக்கு மேலேயுள்ள சரிவைப் பாருங்கள். 50 அடிக்குள் மலசலகூடம் உண்டா? மேட்டில் தொழுவமோ மரக்கறிப் பாத்தியோ உண்டா?

2. கிணற்றுக்குக் கட்டும் மூடியும் உண்டா? சிந்திய நீர் மீண்டும் உள்ளே வடிகிறதா?

3. மழைக்குப் பின் நீர் கலங்கினால் மேல்நீர் உட்புகுகிறது என்று பொருள்.

4. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீர்ப் பரிசோதனை கேளுங்கள். கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதனைகள் வேறு வேறு. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 100 மில்லிலீற்றர் நீரில் மலக்கிருமி ஒன்றும் இருக்கலாகாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

முடிவு கிடைக்கும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள். மலையில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், குமிழியிடத் தொடங்கியபின் 3 நிமிடம் அடுப்பில் விடுங்கள்.

நைத்திரேற்று மிகுந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே வேண்டாம். அது இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதைத் தடுக்கும், குழந்தையின் உதடு நீலமாகும், உயிருக்கும் ஆபத்து. முதல் 6 மாதமும் தாய்ப்பாலே போதும்.

நாம் இடும் உரமும் கீழ்வீட்டாரின் கிணற்றுக்கே போகிறது. புதிய இடத்தில் பாத்தி கட்டுமுன் கிணறு எங்கேயெனப் பார்த்துக்கொள்வோம்.