ஷிஃப்ட் பஸ்ஸில் ஒரு 'மர பேட்ஜ்' ஹீரோ!

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுக்குள் ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர்களில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் கையில் போன். ரீல்ஸ் அலுத்துப்போனவர்களுக்காக ஒரு நாவல்: 'அன்சோல்டு'.

அமெரிக்க எழுத்தாளர் வில் வைட், பதிப்பகங்களை நம்பிக் காத்திருக்காமல் 2016-ல் தானே வெளியிட்ட 'க்ரேடில்' வரிசையின் முதல் பாகம் இது. 2023-ல் 12-வது பாகத்தோடு கதை முடிந்தது. இந்த ரகத்துக்கு 'ப்ரோக்ரஷன் ஃபேன்டஸி' என்று பெயர். நம்ம ஊர் சினிமாவில் ஒரே பாட்டில் ஹீரோ முன்னேறிவிடுவார் இல்லையா? அந்தப் பாட்டை 12 புத்தகமாக நீட்டினால் எப்படி இருக்கும், அதுதான்!

ஹீரோ லிண்டனின் ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒரு சக்தி உண்டு. சின்ன வயதிலேயே சோதித்துப் பார்த்து, கழுத்தில் பேட்ஜ் மாட்டிவிடுவார்கள். செம்பு, இரும்பு, பச்சைக்கல் எனத் தகுதிக்கு ஏற்ற படிகள். லிண்டனுக்குக் கிடைப்பது மர பேட்ஜ். அதில் பொறித்திருப்பதன் பொருள், 'காலி'. குடும்ப வித்தையைக் கற்கவும் அவனுக்கு அனுமதி இல்லை. 15 வயதில், சின்னப் பிள்ளைகளோடு போட்டியில் நிற்கவேண்டிய அவமானம் வேறு.

டிப்ளமோ முடித்து டிரெய்னியாகச் சேர்ந்தவருக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். அவர் கழுத்திலும் ஒரு கார்டு தொங்குகிறதே! பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியே 2024-ல் திறக்கப்பட்டது. அத்தனை இளசுகள் வேலை பார்க்கும் பகுதி இது. ஆனால் ஒரு வித்தியாசம். லிண்டனின் உலகில் எதைச் செய்தால் அடுத்த படி என்பது தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு, எத்தனை வருடம் உழைத்தால் 'நிரந்தரம்' என்று அப்படி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இந்தக் கதைகளின் போதையே அங்கேதான் இருக்கிறது.

குறையும் உண்டு. முதல் பாதி நத்தை வேகம். வாய்க்குள் நுழையாத பெயர்கள், ஒட்டாத பள்ளத்தாக்கு அரசியல். பலர் அங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். சூரியல் என்ற தேவதை இறங்கி வந்ததும் கதை நிமிர்கிறது. சில பத்தாண்டுகளில் அவன் ஊரே அழியப்போகிறது என்று காட்டுகிறாள். இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பெருமைப்படும் பச்சைக்கல் படி, வெளியுலகில் சிறுபிள்ளைகளின் படி!

ஆங்கிலம் எளிமையானது, அகராதி அதிகம் தேவைப்படாது. தமிழில் எழுத ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களைத் தாங்களே வெளியிடும் வசதி வந்ததும் அதே 2016-ல்தான்.

முதல் பாகம் முடியும்போது லிண்டன் ஏறியிருப்பது ஒரே ஒரு படி, செம்பு. இரும்பு வேண்டுமென்றால் இரண்டாம் பாகமான 'சோல்ஸ்மித்' வரை பொறுக்க வேண்டும்.